தண்டவாளத்தின் மீது ஓர் ஆலயம்

எங்கள் கிராமத்திலிருந்து நம் கல்லூரிக்கு வரக் காலை இரயில் ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் அன்றைய வகுப்புகளும் போயின. அப்படித் தவறவிட்ட ஒருநாள், நிலையத்துப் பெஞ்சில் அமர்ந்து நூலகப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். அதில்தான் பிரான்சிஸ் கிளெமென்ட் கெல்லியை அறிந்தேன். மக்கள் இருக்கும் இடத்திற்கே ஆலயத்தை இரயிலில் அனுப்பியவர் அவர்.

1870இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் கெல்லி பிறந்தார். 1893இல் கத்தோலிக்கக் குருவாகி, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் லப்பீர் என்னும் சிற்றூரில் பணியேற்றார். அங்கு ஆலயம் கட்டப் பணமில்லை. ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றிப் பொருள் திரட்டினார். நகரங்களில் ஆலயக் கோபுரங்கள் வானளாவ நிற்க, இருப்புப்பாதையோரச் சிற்றூர்கள் பலவற்றில் ஆலயமும் இல்லை, குருவும் இல்லை என்பதை அப்பயணங்களில் கண்டார். 1905இல் சிகாகோவில் கத்தோலிக்கத் திருச்சபை விரிவாக்கச் சங்கத்தைத் தொடங்கினார்.

இரயில் ஆலயம் அவர் கண்டுபிடிப்பன்று. வட டகோட்டாவின் எபிஸ்கோபல் சபை ஆயர் வாக்கர், 1890இலேயே ஒன்றை அமைத்தார். அடுத்த ஆண்டு பாப்டிஸ்ட் சபையாரும் தொடங்கினர். அவர்களுடைய பெட்டிகளுள் ஒன்று 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் நின்றது. அதைக் கண்ட கெல்லி, மாற்றுச் சபையாரின் முயற்சி என்று ஒதுக்கவில்லை. நாம் ஏன் இதைச் செய்யவில்லை என்றே நாணினார்.

1907இல் பழைய இரயில் பெட்டி ஒன்று புதுப்பிக்கப்பட்டுப் புனித அந்தோணியார் பெயரில் புறப்பட்டது. உள்ளே பீடமும் இருக்கைகளும் இருந்தன. குரு தங்கவும் இடம் இருந்தது. 1912இல் புனித பேதுருவும், 1915இல் புனித பவுலும் எஃகுப் பெட்டிகளாக வந்தன. இரயில் நிறுவனங்கள் பலவும் கட்டணமின்றி இழுத்துச் சென்று, நிலையத்து ஓரத் தண்டவாளத்தில் விட்டன. சில நாட்கள் திருப்பலியும் மறையுரையும் நடக்கும். பிறகு பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அது போனபின் அவ்வூரில் நிலையான ஆலயம் எழவேண்டும் என்பதே நோக்கம்.

முதல் உலகப் போரின்போது இருப்புப்பாதைகளை அரசு ஏற்றதும் சலுகைகள் குறைந்தன. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. இரயில் ஆலயங்கள் ஓய்ந்தன. 1924இல் ஒக்லஹோமாவின் ஆயரான கெல்லி, 1948இல் மறைந்தார்.

நாளை நான் ஆசிரியனாவேன் என்று நம்புகிறேன். அன்று, இரயிலைத் தவறவிட்ட மாணவனின் பெயருக்கு எதிரே கோடு போடுவதோடு நிறுத்தமாட்டேன். அவன் ஊருக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். கெல்லி எனக்குக் கற்பித்த பாடம் அதுவே.