கற்பலகையில் பிறந்த கணிதம்

கணக்கைக் கண்டதும் 'இதனால் என்ன பயன்?' என்று கேட்காத மாணவர் நம்மில் உண்டோ? அந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் கணிதமேதை சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் புடவைக் கடைக் கணக்கர். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்ததால் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறினார், உதவித்தொகையும் பறிபோனது. தாள் வாங்கவும் வசதியில்லை. கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, விடைகளை மட்டும் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே, 1914இல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றது. 1918இல் அரச கழக உறுப்பினரானார்.

1919இல் நோயாளியாகத் தாயகம் திரும்பினார். அப்போதும் கணிதத்தை விடவில்லை. 1920 ஜனவரியில், 'போலித் தீட்டாச் சார்புகள்' எனும் புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதியனுப்பினார். ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தார். வயது 32தான்.

அச்சார்புகளின் அடிப்படையை 2002இல் டச்சு ஆய்வாளர் சுவெகர்ஸ் விளக்கினார். பத்தாண்டுக்குப் பின், கருந்துளைகளின் குவாண்டம் நிலைகளை எண்ணும் ஆய்வில் அவை கைகொடுத்தன. கருந்துளை என்ற பெயரே ராமானுஜன் காலத்தில் இல்லை! 1916இல் அவர் முன்வைத்த ஓர் ஊகத்தின் துணையால் 1988இல் உருவான 'ராமானுஜன் வரைபடங்கள்', தகவல் தொடர்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் குறியீட்டு ஆய்வுகளிலும் பயன்பட்டுள்ளன.

நண்பர்களே, தேர்வில் தவறிய அந்த மாணவரின் ஏடுகளை உலகம் இன்னும் படித்து முடிக்கவில்லை. அடுத்த முறை பயன் கேட்கும்போது அந்தக் கற்பலகையை நினைத்துக்கொள்வோம்.