யார் இந்த கொர்னேலியா சொராப்ஜி? நாவல் நாயகிக்குப் பின்னால் இருந்த நிஜ வக்கீல்

ஜொகூர், ஸ்கூடாயில் இன்று ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குள் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனா 130 வருஷத்துக்கு முன்னாடி கதையே வேற. அப்போது சட்டத் தேர்வு எழுதி முடித்த ஓர் இந்தியப் பெண், முறைப்படி வக்கீலாக 30 ஆண்டுகள் வரை காத்திருந்தார்.

அவர்தான் கொர்னேலியா சொராப்ஜி. சுஜாதா மாஸ்ஸி எழுதி 2018-ல் வெளிவந்த துப்பறியும் நாவலில், பெர்வீன் மிஸ்திரி என்ற பம்பாய் பெண் வழக்கறிஞர்தான் நாயகி. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் இவரும் ஒருவர்.

பெண் என்பதால் போன உதவித்தொகை

1866-ல் நாசிக்கில் பிறந்த கொர்னேலியா, பம்பாய் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. புனே டெக்கான் கல்லூரியில் முதலிடம். அந்த இடத்துக்கு இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை உண்டு. பெண் என்பதால் அது அவருக்குக் கிடைக்கவில்லை.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் உள்ளிட்ட சிலர் பணம் திரட்டிக் கொடுக்க, 1889-ல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். 1892-ல் சிறப்பு அனுமதியோடு சட்டத் தேர்வு எழுதினார். அங்கே அந்தத் தேர்வை எழுதிய முதல் பெண் அவர்தான். ஆனா பட்டம் தரல. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்ஃபோர்டு 1920-ல்தான் ஒப்புக்கொண்டது. அவர் கைக்கு அது வந்தது 1922-ல்.

பர்தாவுக்குப் பின்னால்

இந்தியா திரும்பியவர், வெளி ஆண்களைப் பார்க்கவே கூடாது என்ற வழக்கத்தில் வாழ்ந்த பெண்களைச் சந்தித்தார். அவர்களுக்குச் சொத்து இருந்தது. ஆனா வக்கீல்கள் எல்லாரும் ஆண்கள். அப்புறம் யாரிடம் போய் முறையிடுவது?

1904-ல் வங்காளத்தில் இவர்களுக்கான சட்ட ஆலோசகராக அரசு அவரை நியமித்தது. அடுத்த சுமார் 20 ஆண்டுகளில் 600-க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் உதவினார். நாவலில் பெர்வீன் செய்வதும் இதுதான்: ஆண் வக்கீல் நுழைய முடியாத வீட்டுக்குள் போய், மூன்று விதவைகளிடம் நேரில் பேசுகிறார்.

1921-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை வக்கீலாகப் பதிவு செய்தது. 1923-ல் வந்த சட்டம், இந்தியா முழுவதும் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது. அதன் பிறகு கல்கத்தாவில் தொழிலைத் தொடங்கியபோது அவருக்கு 55 வயது தாண்டியிருந்தது.

எல்லாருக்கும் பிடித்தவரா?

இல்லை. அவர் பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்தார், காந்தியை விமர்சித்தார். விடுதலைப் போராட்டக் காலத்தில் இது பலரை அவரிடமிருந்து விலக்கியது. அவர் பெயர் அதிகம் பேசப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1954-ல் லண்டனில் இறந்தார். 2012-ல் அங்குள்ள லிங்கன்ஸ் இன் வழக்கறிஞர் மன்றத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. பெர்வீனின் கதை பிடித்தவர்கள், கொர்னேலியாவின் நிஜக் கதையையும் ஒரு முறை தேடிப் படிக்கலாம்.