தம்மவரையும் நகைத்தவர்

ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதைகளின் ஆசிரியர் ரெனே கோசினி 1926-இல் பாரிசில் பிறந்தார். இரண்டு வயதிலேயே பெற்றோருடன் அர்ஜென்டினா சென்றார். 1943-இல் தந்தையை இழந்தார். ஐரோப்பாவில் உறவினர் சிலர் நாஜி முகாம்களில் மாண்டனர். பின்னர் நியூயார்க்கில் வேலையின்றி வாடினார். இத்தனை துயரிலும் அவர் வஞ்சம் வளர்த்தாரில்லை.

1959-இல், ஓவியர் உடெர்சோவுடன் சேர்ந்து, கி.மு. 50-இல் ரோமருக்கு அடங்க மறுக்கும் சிற்றூர் ஒன்றைப் படைத்தார். ரோமரை நகையாடியவர், பிரெஞ்சுக்காரரின் முன்னோரான அவ்வூராரையும் விட்டாரில்லை. 1977-இல் அவர் மறைந்த பின்னும் அக்கதைகள் மூப்படையாதது அந்த நேர்மையாலேயே என்பேன்.

தார்நாகாவில் என் தெலுங்கைக் கேட்டுக் கடைக்காரர் சிரித்தால், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். கோசினி கற்பித்த பாடம் அது. அயலூர் வந்த நண்பர்களே! பிறரை நகைப்பது எளிது. நம்மையும் சேர்த்து நகைப்பதே பண்பு.