மதனப்பள்ளியில் பிறந்த ஆசான்

திருப்பதிக்கு வரும் அன்பர்கள் பெரும்பாலோர் மலையேறித் தரிசனம் செய்துவிட்டு ஊர் திரும்பிவிடுவர். அங்கிருந்து மேற்கே சில மணி நேரம் பயணம் செய்தால், பாறைக் குன்றுகள் சூழ்ந்த மதனப்பள்ளியை அடையலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது முதல் நெடுங்காலம் அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் அது. உலகறிந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதத்தில் அவ்வூரில்தான் பிறந்தார். பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம் குடும்பங்கள் அவர் வாழ்க்கையை அறிந்திருத்தல் நன்று. பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

தந்தை நாராயணையா வருவாய்த் துறையில் அலுவல் பார்த்தவர், தாயார் சஞ்சீவம்மா. எட்டாவது பிள்ளையாகப் பிறந்ததால் கண்ணன் பெயரைச் சூட்டினர். சிறுவயதில் மலேரியாக் காய்ச்சல் அவரை வாட்டியது. அதனால் பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. 1905இல் தாயாரும் மறைந்தார். 1909இல் குடும்பம் சென்னை அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் பாடத்தை ஒப்பிக்கத் தெரியாமல் விழித்த சிறுவனை ஆசிரியர் மந்தபுத்தி உடையவன் என்றே முடிவு கட்டினார். பிரம்படி அவனுக்கு அன்றாட வழக்கமாயிற்று.

ஆனால் அதே சிறுவன் ஒருநாள் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டான். அதன் சக்கரங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று பார்த்து, மீண்டும் பூட்டி ஓடவைக்கும்வரை பள்ளிக்குச் செல்லவும் இல்லை. உணவு கொள்ளவும் இல்லை. மரத்தையும் பூச்சியையும் நெடுநேரம் நின்று பார்ப்பதும் அவன் இயல்பு. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் திறனை மட்டுமே அறிவென்று கொண்ட பள்ளிக்கு, கண்ணால் கண்டு கையால் தொட்டு அறியும் அறிவு தெரியாமற் போயிற்று.

1909இல் அடையாற்றுக் கடற்கரையில் பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த லெட்பீட்டர் அச்சிறுவனைக் கண்டார். உலகை உய்விக்க வரும் ஆசான் இவனே என்று அறிவித்தார். அன்னி பெசன்ட் அம்மையார் அவனையும் தம்பி நித்தியானந்தனையும் தம் பொறுப்பில் ஏற்று இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். 1911இல் அவரைத் தலைவராகக் கொண்டு ஓர் அமைப்பும் தோன்றியது. நாடெங்கும் அன்பர்கள் அவரை வணங்கினர். எனினும் பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கான தேர்வைப் பலமுறை எழுதியும் அவர் தேறவில்லை. தேர்வில் தோற்பவரெல்லாம் மேதையாவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது; தேர்வு அளக்க இயலாத அறிவும் உண்டு என்பதே பொருள்.

1925 நவம்பரில் அவர் வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சி நேர்ந்தது. நித்தியானந்தன் காசநோயால் கலிபோர்னியாவில் படுத்திருந்தார். அவர் உயிருக்கு ஆபத்தில்லை என்று பெரியோர் உறுதி கூறியிருந்தனர். அண்ணனும் அதை முழுவதும் நம்பியிருந்தார். கப்பலில் இந்தியா நோக்கி வரும் வழியில் தம்பி இறந்த செய்தி எட்டியது. அத்துயரம் அவரைச் சிந்திக்கவைத்தது. பெரியவர் சொன்னார் என்பது மட்டும் ஒன்றை மெய்யாக்கிவிடுமா என்னும் வினா அவருள் வேரூன்றியது. 1929 ஆகஸ்டு 3ஆம் நாள் ஹாலந்து நாட்டின் ஒம்மன் என்னும் இடத்தில், ஏறத்தாழ 3,000 அன்பர்கள் முன்னிலையில், தம்மைத் தலைவராகக் கொண்ட அமைப்பை அவரே கலைத்தார். தமக்கு அளிக்கப்பட்ட உடைமைகளைத் திருப்பித் தந்தார். தம்மைப் பின்பற்ற வேண்டா என்றும், தாமே ஆராய்ந்து காண்பதே வழி என்றும் கூறிப் புறப்பட்டார்.

இக்கொள்கை பிள்ளைகளின் கல்வியிலும் இடம்பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். மதனப்பள்ளிக்கு அருகே பெரிய ஆலமரம் ஒன்று நின்ற பள்ளத்தாக்கை 1920களிலேயே அவர் தேர்ந்தெடுத்திருந்தார். அங்கே எழுந்ததுதான் ரிஷிவேலிப் பள்ளி. மரங்களையும் பறவைகளையும் வானத்தையும் உற்றுநோக்குவது அங்கே படிப்பின் பகுதி. அவர் விஞ்ஞான ஆசிரியர் அல்லர். ஆயினும் விருப்பு வெறுப்பின்றி உள்ளதை உள்ளபடி பார்க்கும் விஞ்ஞான மனப்பான்மை பிள்ளைகளுக்கு இன்றியமையாதது என்றார். அன்பும் தன்னையறிதலும் இல்லையேல் அதுவும் போதாது என்பதையும் வற்புறுத்தினார். தாம் சொல்வதையும் அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்க்குமாறு மாணவரிடம் கூறிவந்தார். 1986 பிப்ரவரி 17ஆம் நாள், தமது 90ஆம் வயதில், கலிபோர்னியாவில் ஓஹாய் என்னும் ஊரில் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி அத்துடன் நிற்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓரறைப் பள்ளிகள் தோன்றின. பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து, அட்டைகளை எடுத்து, படிப்படியாகத் தத்தம் வேகத்தில் கற்கும் முறை அங்கே உருவாயிற்று. அதைக் கண்டு சென்ற தமிழகக் கல்வி அதிகாரிகள் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் அதைத் தொடங்கினர். 2007இல் செயல்வழிக் கற்றல் என்னும் பெயரால் அது தமிழகமெங்கும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குச் சென்றது. நம் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஊரில் அவ்வாறு படித்தவர்களே. அவ்விதை இந்தச் சித்தூர்ச் சீமையில் முளைத்தது என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி.

நாம் செய்யக்கூடியது யாது? எறும்புகள் ஏன் வரிசையாகச் செல்கின்றன என்று குழந்தை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாயை மூடிப் படி என்பது ஒரு வழி. விடையைச் சொல்லி மனப்பாடம் செய்யவைப்பது இன்னொரு வழி. அவ்வரிசையின் குறுக்கே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, என்ன நடக்கும் என்று முதலில் குழந்தையையே ஊகிக்கச் சொல்வது மூன்றாவது வழி. எறும்புகள் அங்கே வந்து தயங்கும். வழி தேடி அலையும். அவை விட்டுச் செல்லும் மணமே அவற்றின் பாதை என்பதைக் குழந்தை தன் கண்ணால் கண்ட சான்றைக் கொண்டு அறியும். ஊகம் தவறியிருந்தால் அதனால் இழிவில்லை. திருத்திக்கொள்ளலாம் என்பதையும் உடன் அறியும். இதற்குப் பணம் வேண்டா, டியூஷன் வேண்டா, நம் மாலைப்பொழுதில் கால்மணி நேரம் போதும்.

ஒரு சிறுவனின் மௌனத்தை மந்தம் என்று எண்ணிப் பிரம்பெடுத்த காலம் ஒன்று இருந்தது. கடிகாரத்தைப் பிரித்துப் போடும் பிள்ளை இன்று நம் வீட்டிலும் இருக்கலாம். அதட்டுவதற்கு முன், அதை மீண்டும் பூட்டி முடிக்கும்வரை பொறுத்திருப்போமாக.