அணுவைக் காட்டிய ஆசிரியர்

பாரிசிலிருந்து இரசாயன நிபுணர் ஒருவர் மான்செஸ்டர் நகருக்கு வந்தார். அணுக்கொள்கையை உலகுக்கு அளித்த ஜான் டால்டனைக் காணவேண்டும் என்பது அவர் ஆவல். மாளிகை இருக்கும், வாயிலில் காவல் இருக்கும், சுற்றிலும் சீடர் கூட்டம் இருக்கும் என்று எண்ணி வந்தவருக்கு, எளிய அறை ஒன்றைக் காட்டினார்கள். அங்கே ஒரு முதியவர், சிறுவன் ஒருவனின் தோளுக்கு மேலாகக் குனிந்து, அவன் சிலேட்டில் போட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். டால்டன் தாங்கள்தானா என்று நம்ப முடியாமல் கேட்டார் வந்தவர். ஆம் என்ற அவர், பையனுக்குக் கணக்கு விளங்கும்வரை சற்று அமர்ந்திருக்கும்படி கேட்டுக்கொண்டாராம்.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெருமூச்சு விடுவார்கள். அப்பேர்ப்பட்ட மேதை, பொடியன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலத்தைக் கழித்தாரே என்று! நாம் பெருமூச்சு விடவில்லை. அந்த நிலை அவருக்கு ஏன் வந்தது என்று கேட்கிறோம்; அந்தப் பணியை அவர் எப்படிச் செய்தார் என்றும் பார்க்கிறோம்.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில், 1766-ல் கைத்தறி நெசவாளியின் மகனாகப் பிறந்தார் டால்டன். தந்தைக்குத் தறியில் ஓடும் நூல் பிழைப்பு; மகனுக்கோ ஏட்டில் உள்ள நூல்மீது ஆசை. ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் விலகிக்கொண்டதும், அந்த இடத்தில் வந்து அமர்ந்தான் சிறுவன் டால்டன். வயது என்ன தெரியுமா? 12! மாணவர்களில் சிலர் வாத்தியாரைவிட மூத்தவர்கள். சண்டைக்கு வா என்று வாத்தியாரையே அழைத்தவர்களும் உண்டு. பிழைப்புக்காக வயல் வேலையும் செய்தான். 1781-ல் கெண்டல் என்ற ஊருக்குப் போய், அண்ணன் ஜோனதனோடு அங்கிருந்த பள்ளியில் பணியாற்றினான். சில ஆண்டுகளில் சகோதரர் இருவரும் அந்தப் பள்ளியை ஏற்று நடத்தினார்கள்.

கெண்டலில்தான் அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். ஜான் கஃப் என்பது பெயர். குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோய்க்கு இரு கண்களையும் பறிகொடுத்தவர். இலத்தீனும் கிரேக்கமும் பிரெஞ்சும் கணிதமும் அந்தப் பார்வையற்றவர்தான் டால்டனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு டால்டன் அவருக்குப் படித்துக் காட்டினார், எழுதிக் கொடுத்தார். காசு கைமாறாத கல்வி! நாள்தோறும் வானிலையைக் குறித்து வைக்கும் பழக்கமும் கஃபிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். 1787-ல் தொடங்கிய அந்தக் குறிப்பேட்டை, சாகும்வரை 57 ஆண்டுகள் டால்டன் விடவில்லை.

மருத்துவமோ சட்டமோ படிக்கலாமா என்று ஒரு கட்டத்தில் அவருக்கு எண்ணம் எழுந்தது. உறவினரிடம் யோசனை கேட்டார். உன் நிலைமைக்கு அது எட்டாது என்று பட்டென்று பதில் வந்தது. பணம் ஒரு பூட்டு. அதற்குமேல் மதம் இன்னொரு பூட்டு. டால்டன் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கவே அரசாங்கத் திருச்சபையின் கோட்பாட்டை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். கேம்பிரிட்ஜிலோ, படிக்கலாம், பட்டம் கிடையாது! இன்ன கணக்கு வருமா என்று கேட்கவில்லை, இன்ன கோயிலுக்குப் போவாயா என்று கேட்டார்கள். இந்த மதச் சோதனைகள் பெரும்பாலும் ஒழிய 1871 ஆயிற்று. அதே ஆக்ஸ்போர்டு 1832-ல் டால்டனைக் கூப்பிட்டு டாக்டர் பட்டம் சூட்டியது. வேண்டிய வயதில் மறுத்த கல்வியை, 66-வது வயதில் அங்கியாகப் போர்த்தினார்கள்! அந்த அங்கி செந்நிறம். குவேக்கர்கள் அணியாத நிறம். டால்டனுக்கோ சிவப்பு சிவப்பாகத் தெரியாது. நிறக்குருடு பற்றி 1794-லேயே ஆராய்ந்து எழுதியவர் அவர்.

திருச்சபைக்கு வெளியே இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக மான்செஸ்டரில் நடத்திய கல்லூரிக்கு 1793-ல் ஆசிரியராகப் போனார். 1800-ல் அதை விட்டார். அதன் பிறகு டியூஷன்தான் வாழ்வு. ஜார்ஜ் தெருவில் இலக்கிய தத்துவக் கழகம் கொடுத்த அறையில் ஒருபுறம் ஆராய்ச்சி, மறுபுறம் பாடம். கணிதம் வேண்டுமா, இரசாயனம் வேண்டுமா, பிள்ளைகள் வந்தார்கள்.

அவர் சொன்ன அணுக்கொள்கைதான் என்ன? ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி அணு, தனி எடை. சேரும்போது முழு எண்ணிக்கையில்தான் சேரும் என்பது. 12 பங்கு கரியோடு 16 பங்கு பிராணவாயு சேர்ந்தால் நச்சுவாயு ஒன்று. அதே 12 பங்கோடு 32 பங்கு சேர்ந்தால் நாம் மூச்சில் விடும் கரியமிலவாயு. 16, 32: சரியாக இரு மடங்கு. அரை அணு போய்ச் சேராது என்பதால்தான் இந்த ஒழுங்கு. 1803-ல் அணு எடைகளைக் கணக்கிட்டார். 1808-ல் நூலாக வெளியிட்டார். அணுக்களை வட்டங்களாக வரைந்து காட்டினார். பீட்டர் எவார்ட் என்ற பொறியாளர் செய்து கொடுத்த மர உருண்டைகளைக் கையில் வைத்துப் பாடம் நடத்தினார். கண்ணுக்குத் தெரியாததைப் பையன் கையில் உருட்டிப் பார்க்கக் கொடுத்தாரே, அது ஆசிரியர் மூளை என்போம்.

குறையும் உண்டு. தண்ணீரில் ஹைட்ரஜன் அணு ஒன்று, பிராணவாயு அணு ஒன்று என்று கொண்டார். உண்மையில் ஹைட்ரஜன் இரண்டு. பிரெஞ்சு அறிஞர் கே-லூசாக் வாயுக்களின் கன அளவைக் கொண்டு வேறு வழி காட்டியபோதும் ஏற்கவில்லை. தாம் போட்ட கணக்கே சரி என்னும் பிடிவாதம் வாத்தியார்களுக்குக் கொஞ்சம் கூடுதல் போலும்!

அரசாங்கம் 1833-ல் ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை அளித்தது. 1836-ல் 300 ஆக்கியது. பணம் வந்தபிறகாவது பாடம் சொல்வதை நிறுத்தினாரா? இல்லை. 1834-ல், சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்தியவர் தம் பிள்ளைகள் இருவரை அவரிடம் அனுப்பினார். இளையவனுக்கு வயது 15. பெயர் ஜேம்ஸ் ஜூல். ஏறத்தாழ இரண்டாண்டு எண்கணிதமும் வடிவகணிதமும்தான். இரசாயனத்துக்கு அவசரப்பட வைக்கவில்லை கிழவர். இரசாயனம் தொடங்கிய சிறிது காலத்தில், 1837-ல், பக்கவாதம் டால்டனை வீழ்த்தியது; பாடம் நின்றது. தாமாக ஆராயவேண்டும் என்ற வேட்கை டால்டனிடம் படித்தபோதுதான் பிறந்தது என்று ஜூல் பின்னாளில் நன்றியோடு குறித்தார்.

1844 ஜூலை 26 இரவு, நடுங்கும் கையால் அன்றைய வானிலையைக் குறித்தார் டால்டன். மறுநாள் மறைந்தார். நகர மண்டபத்தில் வைத்த உடலை 40,000 பேர் வரிசையில் வந்து கண்டார்கள் என்பர். அடுத்த ஆண்டு அவருடைய மாணவர் ஜூல், தண்ணீரில் துடுப்புச் சக்கரத்தைச் சுழலவிட்டு, இவ்வளவு உழைப்புக்கு இவ்வளவு வெப்பம் என்று அளந்த கணக்கை அறிஞர் அவையின் முன் வைத்தார். அந்த அவை கூடிய இடம் கேம்பிரிட்ஜ்.