தாத்தாவின் மறதிக்கு ஒரு ஜெர்மன் டாக்டரின் பெயர் வந்தது எப்படி? யார் இந்த அல்சைமர்?

சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. இன்னும் சாப்பாடு போடலையா என்று தாத்தா சத்தம் போடுவார். நாற்பது வருஷமா நடந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பார். நெல்லிக்குப்பமோ, நெய்வேலி டவுன்ஷிப்போ, பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரே பதில்தான்: வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்.

120 வருடங்களுக்கு முன்பு ஜெர்மனியிலும் இதே பதில்தான் சொல்லப்பட்டது. அதை ஏற்றுக்கொள்ளாமல், மூளைக்குள் என்னதான் நடக்கிறது என்று தேடிப் போனவர் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர்.

பகலில் வார்டு, ராத்திரி மைக்ராஸ்கோப்

1864 ஜூன் 14-ம் தேதி, பவேரியாவின் மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் பிறந்தார் அல்சைமர். பெர்லின், டூபிங்கன், வூர்ட்ஸ்பர்க் என்று மூன்று ஊர்களில் மருத்துவம் படித்தார். 1887-ல் டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை. காதில் மெழுகு சுரக்கும் சுரப்பிகளைப் பற்றிய ஆய்வு அது.

அடுத்த வருடமே பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். மனநோயாளிகளைக் கட்டிப்போடுவது சாதாரணமாக இருந்த காலம் அது. அதை முடிந்தவரை தவிர்க்க நினைத்தவர், அந்த மருத்துவமனையின் இயக்குநர் எமில் சியோலி. நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. அல்சைமருக்கு அது இயல்பாகவே வந்தது.

1889-ல் பிரான்ஸ் நிசில் என்ற டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். நரம்பு செல்களுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் தெளிவாகப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தவர். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். பகலில் நோயாளிகள், ராத்திரியில் மைக்ராஸ்கோப் என்று வருடங்கள் ஓடின.

1901-ல் அல்சைமரின் மனைவி செசிலி இறந்துபோனார். மூன்று குழந்தைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை வீட்டுக்கு வந்தார். அல்சைமர் முன்பைவிட அதிகமாக வேலையில் மூழ்கினார்.

தன் பெயரை மறந்த அகஸ்டே

அதே வருடம் நவம்பர் 25-ம் தேதி, அகஸ்டே டிட்டர் என்ற பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கணவர் ரயில்வேயில் கிளார்க். முதலில் கணவர் மேல் காரணமே இல்லாத சந்தேகம், பிறகு மறதி, பொருட்களை ஒளித்துவைப்பது, வீட்டுக்குள்ளேயே தடுமாறுவது என்று நிலைமை மோசமாகிக்கொண்டே போயிருந்தது.

அகஸ்டேவுக்கு அப்போது 51 வயதுதான். வயசாயிடுச்சு என்று சொல்லி விடவும் முடியாது.

மறுநாள் அல்சைமர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். கணவர் பெயர் என்ன என்று கேட்டால், அகஸ்டே தன் பெயரையே சொன்னார். தட்டில் இருந்தது காலிஃபிளவர், அவர் சாப்பிடுவதாகச் சொன்னது கீரை. பெயரை எழுதச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிட்டார். நடுநடுவே, தன்னைத் தானே தொலைத்துவிட்டதாகப் புலம்பினார். ஒன்றையும் விடாமல் அல்சைமர் எழுதிவைத்தார்.

கொஞ்ச காலத்தில் அவர் பிராங்க்பர்ட்டை விட்டு ஹைடெல்பர்க் போனார். அங்கிருந்து 1903-ல் மியூனிக். ஆனால் அகஸ்டேவை மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8-ம் தேதி அகஸ்டே இறந்தபோது, அவருடைய மூளையும் மருத்துவக் குறிப்புகளும் மியூனிக்குக்கு அனுப்பப்பட்டன.

யாருமே கேள்வி கேட்காத கூட்டம்

வெள்ளி உப்பு கலந்த சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, இரண்டு விஷயங்கள் அல்சைமர் கண்ணில் பட்டன. நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கியதுபோல முடிச்சுகள் இருந்தன. மூளையே சுருங்கிப்போயிருந்தது.

1906 நவம்பர் 3-ம் தேதி, டூபிங்கனில் நடந்த மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதை விளக்கினார். ஒருத்தர்கூட கேள்வி கேட்கவில்லை. அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

1910-ல் அவருடைய மேலதிகாரி எமில் கிரேப்பலின், தான் எழுதிய மனநல மருத்துவப் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் கொடுத்தார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பெயர் அப்படி வந்ததுதான்.

1912-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கே போகும் வழியிலேயே உடம்பு சரியில்லாமல் போனது. அதிலிருந்து அவர் முழுசாக மீளவே இல்லை. 1915 டிசம்பர் 19-ம் தேதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 51. அகஸ்டே மருத்துவமனைக்கு வந்த அதே வயது.

அவர் கைப்பட எழுதிய அகஸ்டேவின் ஃபைல், 1995-ல்தான் பிராங்க்பர்ட்டில் திரும்பக் கிடைத்தது.

அவர் பார்த்தது என்ன?

இதற்குப் பதில் கிடைக்க 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியே படிந்திருந்த திட்டுகள், அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்குகள். உள்ளே இருந்த முடிச்சுகள், டாவ் என்ற இன்னொரு புரதம்.

அடுத்த கேள்வி: இந்தப் புரதங்கள் ஏன் அளவுக்கு மீறிச் சேருகின்றன? இங்கேதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. வருகிறது.

ஒரு கல்யாணச் சமையலை நினைத்துப் பாருங்கள். சமையல் குறிப்பு நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. தேவையானதை மட்டும் ஒரு சீட்டில் எழுதிச் சமையற்கட்டுக்கு அனுப்புகிறார்கள். அது தூது ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்துச் சமைப்பதுதான் புரதம். நடுவில் ஒருத்தர் வந்து, பாயசம் போதும் என்று அந்தச் சீட்டைப் பிடுங்கிக்கொள்கிறார். அவர்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட குட்டி மூலக்கூறு. 1993-ல் ஒரு சிறிய புழுவில் இதை முதலில் கண்டறிந்ததற்காக, விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அமிலாய்டு பீட்டா உருவாக, ஒரு பெரிய புரதத்தை பேஸ்-1 என்ற நொதி கத்தரிக்கோல் மாதிரி வெட்ட வேண்டும். அந்தக் கத்தரிக்கோல் அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொள்பவற்றில் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ-29. அல்சைமர் வந்த சிலரின் மூளையில் இது குறைவாகவும், பேஸ்-1 அதிகமாகவும் இருந்ததை 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதேபோல மைக்ரோ ஆர்.என்.ஏ-132 நோயாளிகளின் மூளையில் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. எலிகளில் இதை நீக்கினால் டாவ் சிக்கல் கூடுகிறது.

அப்போ மருந்து ரெடியா? இல்லை. இந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதே இன்னும் முடிவாகவில்லை. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான சீட்டுகளில் கை வைக்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடலாம். மருந்தை மூளைக்குள் கொண்டுசேர்ப்பதும் சுலபமில்லை. ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தத்திலும் இருப்பதால், நோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்க உதவுமா என்ற ஆராய்ச்சி நடக்கிறது.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. டிமென்ஷியாவுக்கு மிகப் பொதுவான காரணம் அல்சைமர்தான்.

ஆனால் எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சகஜம். சாவி எதற்கு என்றே தெரியாமல் போனால், பழகிய வழி தவறினால், குணம் திடீரென்று மாறினால், நரம்பியல் டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ காட்டுவது நல்லது.

போகும்போது, எப்போதிலிருந்து எதையெல்லாம் மறக்கிறார், எதற்கெல்லாம் கோபப்படுகிறார் என்று தேதியோடு மொபைலில் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும். அகஸ்டே பக்கத்தில் உட்கார்ந்து அல்சைமர் முதலில் செய்ததும் அந்த வேலையைத்தான்.