கிராமத்துக்குக் கணக்கு எழுதியவர்

1929-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி. ஆமதாபாத் சபர்மதி ஆசிரமத்துக்கு ஒரு தமிழர் வந்தார். மேல்நாட்டு உடை. மிடுக்கான நடை.

மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்பது வந்தவருக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. உடை அழுக்காகுமே என்று பார்க்காமல் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்தான் ஜே.சி.குமரப்பா.

தஞ்சாவூரில் 1892-ம் ஆண்டு பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் கம்பெனிகளின் கணக்கைப் பார்த்து வந்தார். பிறகு அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். ஆங்கில அரசின் வரியும் செலவும் நாட்டை உறிஞ்சுவதைக் கண்டார். அந்த ஆராய்ச்சியை ஒட்டித்தான் காந்தியைப் பார்க்க வந்தார்.

காந்தி விடவில்லை. குஜராத் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்து தரும்படி கேட்டார். தமக்குக் குஜராத்தி தெரியாதே என்று குமரப்பா தயங்கினார். குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்குத் தருவதாகக் காந்தி சொன்னார்.

வீடு வீடாக

கேடா மாவட்டம், மாதர் தாலுகா. 54 கிராமங்கள். மாணவர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். நிலம் எவ்வளவு? மாடு எத்தனை? விளைந்தது என்ன? வரி எவ்வளவு, கடன் எவ்வளவு? வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். லேசான வேலையா அது? முன்பின் தெரியாத பையனிடம் எந்தக் குடியானவன் தன் கடனைச் சொல்வான்?

ஏழ்மை என்பது ரூபாய், அணா, பைசாவில் எப்படி இருக்கும் என்பதை மாணவர்கள் அங்கேதான் படித்தார்கள். 1931-ம் ஆண்டு அந்த ஆராய்ச்சி புத்தகமாக வந்தது.

செக்கடிப் பாடம்

1934-ம் ஆண்டு கடைசியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் பிறந்தது. குமரப்பா அதன் செயலாளர். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் சங்கம் இயங்கியது. அங்கே பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் எண்ணெய் ஆட்டினார்கள், காகிதம் செய்தார்கள், தேனீ வளர்த்தார்கள்.

செக்கு ஊருக்குள் இருந்தால் எண்ணெய் வீட்டுக்கு; பிண்ணாக்கு மாட்டுக்கு; மாட்டின் சாணம் வயலுக்கு. எள்ளும் கடலையும் வெளியூர் ஆலைக்குப் போனால், பிண்ணாக்கும் கூடவே போய்விடும். மண்ணின் உரம் குறையும். கம்பெனிக் கணக்கில் இந்த நஷ்டம் ஏறாது. டிராக்டர் உழும்; சாணம் போடுமா என்று குமரப்பா கேட்பார். காங்கேயம் காளை பூட்டி உழுத தாராபுரத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

1940-களில் சிறையில் இருந்தபோது, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. மரமும் பயிரும் வளர்ந்துகொண்டே இருக்கும் வரவு என்று அதில் பிரித்துக் காட்டினார். 1945-ல் வந்த அந்த நூலுக்குக் காந்தி முன்னுரை எழுதி, கிராமத் தொழில் டாக்டர் என்று அவருக்குப் பட்டமும் சூட்டினார்!

கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்தார். அவர் அறையில் ஓர் ஏழைக் கிராமவாசியின் படம் மாட்டியிருந்தது. யார் என்று கேட்டவர்களுக்கு, தம் குருவான காந்தியின் குரு இவர் என்று சொல்வார்.

1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, காந்தி மறைந்த அதே நாளில், குமரப்பா காலமானார்.